மின்சார சைக்கிள்: பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கிறதா?

கரூரில் இருக்கும் கல்லூரி நண்பன் போன வாரம் போன் பண்ணினான். "நீ வச்சிருக்கிற மாதிரி எலக்ட்ரிக் சைக்கிள் இப்ப விலை இறங்கியிருக்குடா. பையன் ப்ளஸ் ஒன் போறான், டியூஷனுக்கு வாங்கித் தரலாமான்னு பார்க்கறேன். எப்படி இருக்கு?"

கேட்ட நேரம் சரியில்லை. பிரேக் லீவரை மாற்றிக்கொண்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். அந்த லீவர் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகியிருந்தது. "எழுதி அனுப்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது. இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

வண்டி விவரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 36 வோல்ட் பேட்டரி, பின் சக்கரத்தின் நடுவிலேயே 250 வாட் ஹப் மோட்டார், இரண்டு சக்கரத்திலும் கேபிள் டிஸ்க் பிரேக், வலது கட்டைவிரலுக்கு ஒரு த்ராட்டில், அதாவது பெடல் சுற்றாமலே மோட்டாரை ஓட்டும் விசை. பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் கடையில் நிற்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவை உள்ளுக்குள் இதே மாதிரிதான் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். ஸ்ரீரங்கத்திலிருந்து மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், அண்ணா சிலை, கரூர் பைபாஸ் என்று தில்லைநகர் அலுவலகத்துக்குப் போகிறேன். திருச்சி வெயிலில் சைக்கிளில் போய் சட்டை காய்ந்தபடியே நாற்காலியில் உட்கார முடியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆடி மாதக் காற்றில் பாலத்தின் மேல் சாதாரண சைக்கிளை மிதித்தவர்களுக்குத் தெரியும், வண்டி முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்றே சந்தேகம் வரும். இதில் அசிஸ்டை, அதாவது மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவியை, ஒரு படி ஏற்றிவிட்டால் போதும், காற்று தன் பாட்டுக்கு அடிக்கும், நாம் நம் பாட்டுக்குப் போகலாம். முட்டி வலிக்காக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவன் நான், இப்போது அது தேவைப்படுவதில்லை. செலவு? பேட்டரி 7.8 ஆம்பியர் அவர். முழுசாக சார்ஜ் ஏற கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். மின்வாரியத்தின் எந்த ஸ்லாபில் போட்டுப் பார்த்தாலும் ஐந்து ரூபாயைத் தாண்டாது.

சரி, இனி லீவர் கதை.

போன மழைக்காலத்தில் மோட்டார் விட்டு விட்டு நிற்க ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி தானாகவே ஓடும். வாங்கிய இடத்தின் சர்வீஸில் விட்டேன். மறுநாளே, "கனெக்‌ஷன் லூஸ் சார், சரி பண்ணியாச்சு" என்று தந்துவிட்டார்கள். உண்மையாகவே சரியாகிவிட்டது. மோட்டார் ஒரு முறைகூட நிற்கவில்லை. எனக்கும் சந்தோஷம்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அண்ணா சிலை அருகே வலப்பக்கம் திரும்பவேண்டி வலது கையை நீட்டிக் காட்டிக்கொண்டு, இடது கையால் பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி, மெதுவாகப் பெடல் சுற்றிக்கொண்டு வந்தேன். எல்லாரும் செய்வதுதான். வண்டி வேகம் குறைவதற்குப் பதிலாக ஒரு தள்ளு தள்ளியது. முன் சக்கரம் போய் எனக்கு முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவின் பம்பரில் முட்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏன் சார், சைக்கிளுக்குக்கூடவா பிரேக் இல்ல?" என்றார். பிரேக் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் நின்றிருக்க வேண்டும், அது நிற்காமல் இழுத்ததுதான் விஷயம்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் ஒயர்களை எல்லாம் கட்டிவைத்திருக்கும் கறுப்புச் சுருள் உறையைப் பிரித்தால், இடது லீவரிலிருந்து வரும் கனெக்டர் எதனோடும் சேராமல் தனியாகக் கிடக்கிறது. தானாகக் கழன்றிருந்தால் தொங்கிக்கொண்டிருக்கும். இதற்கோ இரண்டு முனையிலும் ஈரம் புகாதபடி இன்சுலேஷன் டேப் சுற்றி, மடித்து உள்ளே செருகியிருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை. மோட்டார் அடிக்கடி நிற்கிறது என்று சொன்னேன் இல்லையா? மோட்டாரை நிறுத்தும் ஒயரையே கழற்றிவிட்டு, சரி பண்ணியாச்சு என்று பணமும் வாங்கியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மின்சார சைக்கிளின் பிரேக் லீவருக்குள் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். இதை கட்‌ஆஃப் என்பார்கள். லீவரைக் கொஞ்சம் இழுத்ததுமே, பேட் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே, அந்த சுவிட்ச் மூடிக்கொண்டு, மோட்டாரை இயக்கும் பெட்டியான கன்ட்ரோலருக்குத் தகவல் சொல்லும். கன்ட்ரோலர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. இதில்தான் சிக்கல். பெரும்பாலான வண்டிகளில் லீவரை இழுத்தால்தான் சுவிட்ச் மூடும், மற்ற நேரம் திறந்தே கிடக்கும். அதனால் ஒயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும், கழற்றப்பட்டாலும், யாரும் பிரேக் பிடிக்கவில்லை என்றே கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். டிஸ்ப்ளேயில் எரர் எதுவும் வராது. வண்டி முன்னைவிட நன்றாக ஓடுவதுபோலக்கூடத் தெரியும். சுவிட்ச் மூடியபடி மாட்டிக்கொண்டால் மோட்டார் ஓடாது, உடனே தெரிந்துவிடும், திட்டிக்கொண்டே சர்வீஸுக்குப் போவோம். ஆபத்தான பழுதுதான் சத்தமில்லாமல் வருகிறது.

நாம் வழக்கமாக இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பிடிப்போம். ஒரு பக்கம் செத்துப்போயிருந்தாலும் மறுபக்க சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். அதனால் பல நாள் ஓட்டினாலும் தெரியாது. ஒரு கையை எடுக்கும் நேரத்தில்தான் தெரியும். அதாவது திருப்பத்தில், நெரிசலில்.

மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. 250 வாட் மோட்டார் ஒன்றும் பூதமில்லை. நன்றாக இருக்கும் டிஸ்க் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் மோட்டார் தோற்றுத்தான் போகும். பிரேக்கை லேசாகப் பிடித்து, வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு, இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழையும்போதுதான் தொல்லை. பெடலை நிறுத்திய பிறகும் விலை குறைந்த வண்டிகளில் மோட்டார் உடனே விடாது, ஒரு நொடி அளவுக்கு இழுக்கும். அந்த ஒரு நொடியில் எனக்குக் கிடைத்தது ஷேர் ஆட்டோ பம்பர். கரூர் பைபாஸில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நான் நின்றிருந்தால் வேறு கதை.

சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போகப் பிடிக்கவில்லை. சிங்காரத்தோப்புப் பக்கம் மொபைல் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் லீவரிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்களில் மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். லீவரைத் தொடவே இல்லை, மீட்டர் பீப் என்று கத்தியது. "இது எப்பவும் பிரேக் பிடிச்ச மாதிரியே இருக்குண்ணே. அதான் மழையில மோட்டார் நின்னுருக்கு" என்றார். லீவரின் கீழ்ப்பக்கம் இருந்த பொடி ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே சுவிட்ச்சின் காலைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சணம்போலத் துரு. ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்துத் தேய்த்து, சூடான காற்றடித்துக் காயவைத்து, மறுபடி மீட்டர் வைத்தார். சத்தமில்லை. லீவரைக் கால்வாசி இழுத்தார், பீப். விட்டார், நின்றது. கனெக்டரை மாட்டிக் கொடுத்து அவர் வாங்கிய தொகை, சர்வீஸில் கழற்றியதற்கு வாங்கியதில் பாதிகூட இல்லை.

இந்த வருடமும் மழை வந்ததும் அதே சுவிட்ச் அதே வேலையைக் காட்டியது. இனி தேய்த்துப் பயனில்லை, லீவரையே மாற்றுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். அதற்குத்தான் இந்த வாரக்கணக்கு. சந்தையில் கிடைக்கும் சாதா சைக்கிள் லீவரைப் போட்டால் பிரேக் பிடிக்கும், கட்‌ஆஃப் இருக்காது. கட்‌ஆஃப் உள்ள லீவரிலும் கனெக்டர் வண்டிக்கு வண்டி வேறு. மழை பெய்யும் நாட்டில் விற்கும் வண்டியில், நனையும் இடத்தில் இருக்கும் சுவிட்சுக்கு ஒரு ரப்பர் மூடிகூட வைக்கத் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சர்வீஸ்காரர்கள் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அங்கே இருப்பது ஒரே பையன். வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான், மோட்டார் ஓடுகிறதா இல்லையா. சுவிட்ச்சைத் திறந்து சுத்தம் செய்ய அவனுக்குப் பயிற்சியும் இல்லை, வேறு லீவர் ஸ்டாக்கும் இல்லை. கழற்றிவிட்டால் வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போகிறார். புரிகிறது. ஆனால் சொல்லிவிட்டுக் கழற்றியிருக்கலாம். அது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதையெல்லாம் சோதிக்க அரசாங்கத்திலிருந்து யாரும் வரப்போவதில்லை. மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட இந்த சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. பதிவு எண் இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை, எஃப்சி என்ற தகுதிச் சான்று இல்லை, ஓட்டுகிறவருக்கு வயது வரம்பும் இல்லை. விதி கேட்பதெல்லாம் பொருத்தமான பிரேக், முன்னால் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் எடை, அவ்வளவுதான். வாங்கும்போது இந்தச் சலுகை இனிக்கிறது. பிறகு சோதனை செய்யும் வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது.

அதனால் இப்போது நான் வாசலில் செய்வது இதுதான். வண்டியை ஆன் செய்து, அசிஸ்டைக் குறைந்த படியில் வைத்து, முன்னால் ஆள் இல்லாத பக்கமாகத் திருப்பி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்பேன். இடது லீவரை மட்டும் லேசாக, பிரேக் பிடிக்காத அளவுக்கு, இழுத்துப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலைத் தொடுவேன். வண்டி அசையவே கூடாது. லீவரை விட்டதும் த்ராட்டிலுக்கு வண்டி நகர வேண்டும். அப்புறம் வலது லீவரை மட்டும் பிடித்து அதே சோதனை. சக்கரத்தைத் தூக்க வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம், செருப்பு மாட்டுகிற நேரம்தான் ஆகும். மழையில் நனைந்த மறுநாளும், யாராவது பிரேக் கேபிளைத் தொட்ட பிறகும் இதைச் செய்யாமல் நான் கேட்டைத் தாண்டுவதில்லை. கேபிளை டைட் செய்யும்போது லீவர் முழுசாகத் திரும்பாமல் போனால் கட்‌ஆஃப் பிடித்தபடியே இருக்கும், மோட்டார் ஓடாது. மோட்டார் போச்சு என்று யாராவது விலை சொன்னால், முதலில் லீவரை விரலால் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள்.

பிரேக்கையும் சேர்த்தே பார்த்துவிடலாம். லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு வந்தால் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது கேபிள் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கேபிள் டிஸ்க்கில் பல மாடல்களில் ஒரு பக்கப் பேட் மட்டும்தான் நகரும். மறுபக்கப் பேடை அலன் கீ வைத்துத் திருகி நாமே நெருக்கிக்கொள்ள வேண்டும். கேபிளை மட்டும் இழுத்து இழுத்து டைட் செய்தால் டிஸ்க் ஒரு பக்கமாக வளைந்து உரசும். செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கிறவர்கள் டிஸ்க்கின் மேல் ஒரு துணியாவது போட்டு மூடுங்கள். ஒரு துளி பட்டாலும் பேட் குடித்துவிடும், அப்புறம் கிறீச்சென்று கத்துமே தவிர வண்டி நிற்காது.

அடுத்து பின் சக்கரம். பஞ்சர் என்று வந்தால் இந்த வண்டி சைக்கிளும் இல்லை, பைக்கும் இல்லை. சைக்கிள் கடைக்காரர் ஒயரைப் பார்த்துப் பின்வாங்குவார், பைக் கடைக்காரர் பெடலைப் பார்த்துச் சிரிப்பார். சைக்கிள் கடையில் இருப்பது 15-ஆம் நம்பர் ஸ்பேனர், நம் மோட்டார் அச்சு நட்டுக்கு வேண்டியதோ 18. அது இல்லாவிட்டால் கட்டிங் பிளேயரால் நட்டின் முனையைத் தேய்த்துவிடுவார்கள். சில வண்டிகளில் 19 வரும், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அச்சில் ஒரு வாஷர் இருக்கும், அதில் நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நாக்கு ஃபிரேமின் பிளவுக்குள் உட்கார வேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னால் சுற்றும்போது அச்சு பின்னால் சுழலப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் இது. வாஷரைத் தலைகீழாகப் போட்டாலோ, நட்டு லூஸாக இருந்தாலோ, ஒரு நாள் அச்சு தானாகச் சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும், சக்கரமும் ஃபிரேமிலிருந்து நழுவலாம். மோட்டார் ஒயரின் உருளைக் கனெக்டரில் இரண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வந்த பிறகு நேராக அமுக்க வேண்டும். திருகினால் உள்ளே இருக்கும் ஊசி வளையும், வளைந்தால் நிமிர்த்துவது கஷ்டம். பஞ்சர் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், டீ குடிக்கப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நட்டை மறுபடி ஒரு முறை இறுக்குங்கள்.

காற்று: டயர் பக்கவாட்டில் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும், அதன்படி வையுங்கள். வண்டியே 20 கிலோவுக்கு மேல், காற்று குறைந்தால் பள்ளத்தில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். காவிரிப் பாலத்தின் இணைப்புகள் எனக்கு இதைத் தவறாமல் நினைவூட்டும். அந்த அதிர்ச்சியில் பின் சக்கரக் கம்பிகளும் தளரும். ஒவ்வொரு ஜோடியாகக் கையால் அமுக்கிப் பார்த்தால் தொளதொளப்பு தெரிந்துவிடும். லைட், பெல் எல்லாம் சாதா சைக்கிள் மாதிரிதான்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். அது ஸ்கூட்டர், நம்முடையது சின்ன பேட்டரிதான். ஆனால் உள்ளே இருப்பது அதே லித்தியம். ஓட்டுவதற்கு முன் பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், சாவி போடாமல் கையோடு வந்தால் பூட்டு சரியாக விழவில்லை. உறை வீங்கியிருந்தாலோ, இனிப்பான கெமிக்கல் வாசனை வந்தாலோ அதற்குப் பிறகு அதை ஓட்டவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். வெயிலில் ஓட்டி வந்ததும் சூடு ஆறட்டும், அப்புறம் சார்ஜ் போடலாம். வாசலை மறிக்கும் இடத்திலும் மாடிப்படிக்குக் கீழேயும் சார்ஜ் போடாதீர்கள், தூங்கும்போது போடாதீர்கள். 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் தரும், 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 54.6 தரும். இரண்டு சார்ஜரின் ப்ளக் முனையும் ஒரே அளவில் வருவதுண்டு, கச்சிதமாகப் பொருந்தும். பக்கத்து வீட்டுச் சார்ஜரை இரவல் வாங்கும் பழக்கம் இதில் கூடாது.

இனி நண்பனுக்குப் பதில்.

டேய், மேலே எழுதிய நல்லதெல்லாம் உண்மை. இந்த வண்டி மாதிரி எனக்கு உபயோகமான பொருள் சமீபத்தில் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. விற்பாயா என்று கேட்டால் விற்க மாட்டேன். ஆனாலும் பையனுக்கு இதை வாங்காதே. விலை இறங்கியது காரணமில்லை, மோட்டார் காரணமில்லை. ஒரு சுவிட்ச்சைக் கழற்றிவிட்டுச் சரி பண்ணியாச்சு என்று சொல்லும் ஊரில், பதினாறு வயசுப் பையனைப் பஸ் பின்னால் இதில் அனுப்ப எனக்கு மனசில்லை. சாதா கியர் சைக்கிள் வாங்கிக் கொடு, மிதிக்கட்டும், அவன் முட்டிக்கு என்ன வந்தது?

உன் மனைவி கேட்டால் மட்டும் வேறு பதில். தங்கச்சிக்கு வேலைக்குப் போக இது அருமையான வண்டி, தாராளமாக வாங்கலாம். கடையில் பணம் கட்டும் முன்னால் வண்டியை ஆன் செய்யச் சொல்லி, அந்த லீவர் சோதனையை இரண்டு பக்கமும் நீயே செய்து பார். முன் பிரேக் லீவரில் கட்‌ஆஃப் இல்லாமலே சில மாடல் வருகிறது, விற்கிறவருக்கே தெரியாது. ஒரு பக்கம் மோட்டார் நிற்கவில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போ. ரெண்டு பக்கமும் நின்றால் எடுத்துக்கொள், கூடவே 18-ஆம் நம்பர் ஸ்பேனரும் ஒரு ஸ்பேர் லீவரும் கேள். லீவர் ஸ்டாக் இல்லை, வரவழைத்துத் தருகிறோம் என்பார்கள். அட்வான்ஸை அன்றைக்கே கட்டிவிடு.